ஒரு பெட்டி, மூன்று கூறு

மருந்துக்கடை கவுண்டருக்குப் பின்னால் புதிதாக நிற்க வந்திருக்கும் தம்பி தங்கைகளே, முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எல்லாரும் படித்துவிட்டு வந்திருக்கிறீர்கள். நான் ஐந்தாம் வகுப்பில் பள்ளிக்கூடத்தை விட்டு வெளியே வந்தவன், திரும்பிப் பார்க்கவில்லை. கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் நான் கடை போட்டபோது, "இந்த பாய் ஆறு மாசம் தாங்க மாட்டாரு" என்று பேசிக்கொண்டார்கள். பேசியவர்களில் இரண்டு பேர் பின்னால் தங்கள் மகன்களை என்னிடமே வேலைக்கு அனுப்பினார்கள். திருநாவலூரிலிருந்தும் உளுந்தூர்பேட்டையிலிருந்தும் வழியில் இருக்கிற கடைகளையெல்லாம் தாண்டி என் கடைக்கு ஆட்கள் வந்தார்கள். பெருமைக்குச் சொல்லவில்லை என்றால் பொய்யாகிவிடும், பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

எங்கள் கடையில் மருந்து எடுத்துக் கொடுப்பது மருந்தாளுநர் படிப்பு படித்த ஒரு பெண். அந்த வேலையில் நான் தலையிட்டதே இல்லை. கவுண்டருக்கு அந்தப் பக்கம் நிற்கிறவர்களின் முகத்தைப் படிப்பதுதான் என் வேலை. அதற்குப் பட்டம் யாரும் கொடுப்பதில்லை, நானே எடுத்துக்கொண்டேன்.

இப்போது உங்களிடம் ஆட்கள் அதிகம் கேட்கப்போவது குழந்தைப் பால் பவுடரைப் பற்றித்தான். லோடு வரும்போதெல்லாம் விலை ஏறியிருக்கிறது. "இதவிட கம்மியா இன்னா இருக்குது?" என்று கேட்பார்கள். முகம் சுளிக்காதீர்கள். தகர டப்பாவில் இருக்கிற அதே பவுடர் அட்டைப்பெட்டியிலும் வருகிறது, விலை கம்மி. தகரத்துக்கு எதற்குக் காசு? பெட்டியைக் காட்டுங்கள். விலை ஜாஸ்தியான கம்பெனி என்பதற்காகப் பிள்ளை ஜாஸ்தியாக வளர்ந்துவிடாது. டாக்டரைக் கேட்டுக்கொண்டு கம்மி விலைக்கு மாறலாம் என்று சொல்லுங்கள். ஒரு வயது தாண்டிய பிள்ளைக்கு அடுத்த நம்பர் போட்ட டப்பா கேட்டு வந்தால், வீட்டுச் சோறும் பசும்பாலும் போதுமா என்று டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்கச் சொல்லுங்கள். தள்ளுபடி மட்டும் பேசாதீர்கள். இந்தச் சரக்குக்குத் தள்ளுபடி, இலவசம், விளம்பரம் எதுவும் கூடாது என்று சட்டமே இருக்கிறது. எல்லாவற்றுக்கும் முன்னால், "தாய்ப்பால் இருக்குதாம்மா?" என்று கேளுங்கள். கேட்டால் வியாபாரம் போகும். போகட்டும். என் கடை அதனால் சின்னதாகிவிடவில்லை.

ஆனால் இந்தச் சிக்கனத்தில் ஒரு பள்ளம் இருக்கிறது. நான் அதன் விளிம்பு வரை போய்ப் பார்த்தவன்.

நான் கல்லாவில் உட்கார்ந்திருந்த கடைசி வருஷம். ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகை முடித்துவிட்டு வந்தால் கவுண்டரில் நல்ல கூட்டம். அதில் கோவிந்தனும் நின்றுகொண்டிருந்தான். வெள்ளிமலைக்கும் அதைத் தாண்டி உள்ளே இருக்கிற ஊர்களுக்கும் ஜீப் ஓட்டுகிறவன். மலையில் இருக்கிறவர்கள் எதற்கெடுத்தாலும் இறங்கி வர முடியுமா? கோவிந்தனிடம் சொல்லிவிடுவார்கள். உரம், செருப்பு, கல்யாணப் பத்திரிகை, இருமல் மருந்து எல்லாம் அவன் ஜீப்பில்தான் மலையேறும். அன்றைக்கு ஒரு பெரிய பால் பவுடர் பெட்டி கேட்டான். கூடவே மூன்று பிளாஸ்டிக் கவர் கேட்டான்.

"மூணு கவர் எதுக்குடா?"

"கூறு போடறதுக்கு பாய்."

மலையில் ஆடு அடித்தால் சேர்ந்த வீடுகளுக்குச் சமமாகக் கறியைப் பிரித்து இலையில் வைப்பார்கள். அதுதான் கூறு. ஒன்றில் எலும்பு கூடிவிட்டால் இன்னொன்றிலிருந்து கறித்துண்டை எடுத்து வைத்துச் சரிக்கட்டுவார்கள். அதில் யாரும் யாரையும் ஏமாற்றி நான் பார்த்ததில்லை. அந்தக் கணக்கைத்தான் கோவிந்தன் பால் பவுடருக்குக் கொண்டுவந்திருந்தான்.

"மூணு வூட்டுக்காரங்களும் சின்னது சின்னதா வாங்கினா கட்டுப்படி ஆவல பாய். பெருசா ஒண்ணு வாங்கினா கம்மி. வாங்கிக்கினு போயி டம்ளர்ல அளந்து மூணா பிரிச்சிடறது. போன பெட்டியும் அப்டிதான். ஒரு சிட்டிக முன்ன பின்ன போவாது. யோசன யாருதுன்னு கேளுங்க."

"யாருது?"

"என்னுதுதான்!"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். "பாய்க்கே வியாபாரம் சொல்லித் தரான் பாரு" என்றார் ஒருவர். எனக்கும் அவன் மூளை பிடித்துத்தான் இருந்தது. பெட்டியை எடுத்து வைக்கும்போதுதான் உள்ளே இருக்கிற அளவுக் கரண்டி ஞாபகம் வந்தது. பவுடரை மூன்றாகப் பிரிக்கலாம். கரண்டி ஒன்றுதானே? ஒவ்வொரு கம்பெனிக்கும் கரண்டி வேறு அளவு. இத்தனை தண்ணீருக்கு இத்தனை கரண்டி என்று பெட்டியில் போட்டிருப்பது அந்தக் கரண்டிக்கு மட்டும்தான் பொருந்தும்.

"அளவுக் கரண்டி எந்த வூட்ல கீது?"

"மொத வூட்ல. மத்தவங்க வூட்ல ஸ்பூன் இல்லியா இன்னா?"

மருந்தாளுநர் பெண் கையிலிருந்த சீட்டைக் கீழே வைத்துவிட்டாள். நான் குரலை மாற்றாமல் கேட்டேன். "கொழந்தைங்க எப்டி இருக்குதுங்க?"

"ரெண்டு வூட்ல எப்பவும் போலதான். பூங்கொடி வளக்கற புள்ளதான் பாய் தங்கம். அழுவறதே இல்ல. எந்நேரமும் தூங்கிக்கினே கெடக்கும். புள்ளன்னா இப்டி இருக்கணும்னு ஊரே சொல்லுது."

பூங்கொடி அந்தக் குழந்தையின் அத்தை. குழந்தையைப் பெற்றவள் பிரசவத்துக்குப் பிறகு உடம்பு கெட்டுப் புதுச்சேரியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் கிடந்தாள். புருஷனும் அவளோடு அங்கேயே இருந்தான். அவளுக்குக் கொடுக்கிற மருந்துக்குத் தாய்ப்பால் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். நான்கு மாதப் பிள்ளைக்கு அந்தக் கவரில் இருந்த பவுடரைத் தவிர வேறு ஆகாரம் கிடையாது.

நான் நான்கு பிள்ளை பெற்றவன். நான்கு மாதப் பிள்ளை பசித்தால் தெருவையே கூட்டும். அழாமலே கிடக்கிறது என்றால் அழுவதற்குத் தெம்பில்லை என்று அர்த்தம்.

இங்கேதான் யோசிக்க வேண்டும். கோவிந்தனிடமே சொல்லி அனுப்பியிருக்கலாம். அவன் நல்லவன், ஆனால் ஜீப்பை நிறுத்துவதற்கு முன்னாலேயே ஊர் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்திச் சொல்லுவான். பிள்ளையைப் பட்டினி போட்டவள் என்று பெயர் வந்தால் பூங்கொடி கதவைச் சாத்திக்கொள்வாள். போன் போடலாமென்றால் அவள் ஊரில் சிக்னல் இல்லை. நாளைக்குப் போகலாமென்றால், நாளைக்குப் பிள்ளை எப்படி இருக்கும் என்று யார் சொல்வது?

"நீங்க கெளம்புங்க பாய், கடைய நான் பாத்துக்கறேன். மொதல்ல வெள்ளிமலை நர்ஸுக்கு போன் போடுங்க" என்றாள் மருந்தாளுநர் பெண். போட்டேன். வெள்ளிமலை ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸம்மா நான் சொன்னதைக் குறுக்கே பேசாமல் கேட்டார். "இட்டுக்கினு வாங்க. வர மாட்டேன்னு சொன்னாங்கன்னா தூக்கிக்கினு வாங்க" என்றார்.

வரிசையில் நின்றவர்கள் முணுமுணுக்க, நான் கோவிந்தன் ஜீப்பில் முன்சீட்டில் ஏறிக்கொண்டேன். மலைப்பாதை வளைவு என் வயிற்றுக்கு எப்போதும் ஆகாது. இரண்டு இடத்தில் நிறுத்தச் சொன்னேன். கோவிந்தன் சிரித்தான். "இவ்ளோ பெரிய மருந்துக்கட வச்சிக்கினு ஒரு வாந்தி மாத்திர எடுத்தாரல இல்ல?" என்றான். என்ன விஷயம் என்று அவனிடம் நான் சொல்லவில்லை. அவன் வாய் எனக்குத் தெரியும்.

பூங்கொடியின் வீட்டு வாசலில் ஜீப் நின்றபோது அவள் மடியில் பிள்ளையைப் போட்டுக்கொண்டு பால் புகட்டிக்கொண்டிருந்தாள். பால் என்று அவள்தான் சொன்னாள். டம்ளரில் அரிசி களைந்த தண்ணீர் மாதிரி இருந்தது. பக்கத்தில் பவுடர் கவர், அதற்குள் சர்க்கரை எடுக்கிற குட்டி ஸ்பூன். பிள்ளையின் கன்னம் ஒட்டியிருந்தது. கண் பாதி திறந்திருந்தது. பாலை வாயில் விட்டால் கடைவாய் வழியாக வழிந்தது.

"வா பாய்" என்றாள் சந்தோஷமாக. "கோயிந்தன் சொன்னானா? மத்த ரெண்டு வூட்லயும் கவர் எப்பவோ காலி. என்னுது பாரு, பாதி அப்டியே கீது. சும்மாவா, அளந்து அளந்து போடறேன்."

எனக்கு வாய் வரை வந்துவிட்டது. 'அளந்து அளந்து பிள்ளையைச் சாகடிக்கிறாயே' என்று கேட்டிருப்பேன். அப்படிக் கேட்டிருந்தால் இன்றைக்கு இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். பிள்ளையைக் காப்பாற்ற வேண்டும் என்று ராத்திரி பகலாகப் பாடுபடுகிறவள் அவள். அவளிடம் சண்டை போட்டு ஜெயிக்க நான் மலை ஏறவில்லை. அவளை ஜீப்பில் ஏற்றத்தான் வந்தேன்.

"சிக்கனம் உங்கிட்டதாம்மா கத்துக்கணும்" என்றேன். "அந்தக் கவரையும் ஸ்பூனையும் எடுத்துக்க. நர்ஸம்மாகிட்ட காட்டலாம். புள்ளைக்கு எடையும் போட்டுக்கினு வந்துடலாம்."

"இப்பவேவா? அடுப்புல ஒலை வச்சிருக்கேனே."

"எறக்கி வச்சிட்டு வா. எனக்கு ராத்திரிக்குள்ள கீழ போவணும். பாயைக் காக்க வைக்கப் போறியா?"

முந்தானையை உதறிக் கட்டிக்கொண்டு பெருமையாக ஏறினாள். வழி நெடுக ஸ்பூனைக் கையில் பிடித்துக்கொண்டே வந்தாள். நான் பிள்ளையின் வயிறு ஏறி இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே வந்தேன்.

நர்ஸம்மா பிள்ளையை எடையில் போட்டார். கையை, நெஞ்சை, கண்ணைப் பார்த்தார். ஆம்புலன்ஸுக்குப் போன் போடச் சொன்னார். கோவிந்தன் வாங்கி வந்த பெட்டியைப் பிரித்து, உள்ளே இருந்த கரண்டியால் அளந்து கலந்து, பாலாடைக் கிண்ணத்தால் சொட்டுச் சொட்டாக விட்டார். அந்தக் கரண்டியையும் தன் ஸ்பூனையும் பூங்கொடி மாறி மாறிப் பார்த்தாள். யாரும் அவளுக்கு எதுவும் விளக்கவில்லை. அவளாகவே இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"தெரிஞ்சிதான் இட்டாந்தியா?"

"ஆமா."

"மூஞ்சிக்கு நேரா சொன்னா இன்னா? சிக்கனம் கத்துக்கணும்னியே!"

"சொல்லியிருந்தா ஏறியிருப்பியா?"

"ஏறியிருக்க மாட்டேன்" என்றாள். அதற்குப் பிறகுதான் அழுதாள்.

கீழே ஆஸ்பத்திரியில் பிள்ளையைச் சேர்த்தோம். டாக்டர், தண்ணீர்தான் உள்ளே போயிருக்கிறது, சத்து போகவில்லை, இன்னும் தாமதித்திருந்தால் கஷ்டம் என்றார். சில நாளில் பிள்ளை வார்டையே கூட்டுகிற மாதிரி கத்த ஆரம்பித்தது. கதை இதோடு முடிந்தது என்று நினைத்துக்கொண்டு நானும் காலரைத் தூக்கி விட்டுக்கொண்டேன். பூங்கொடி விடவில்லை. வீட்டுக்கு அனுப்புகிற அன்றைக்குக் கடைக்கே வந்து நின்றாள்.

"கரண்டி தெரிஞ்சிடுச்சி பாய், சரி. அந்தக் கரண்டியால முழுசா போட்டா பெட்டி எவ்ளோ சீக்கிரம் காலியாவும்? அதுக்கு நான் எங்க போவேன்? ரெண்டு ஆடு கீது. அத வித்துட்டா அப்பறம்? அவங்க அம்மா எப்ப வருவாளோ தெரியாது."

அவள் கேட்டது நியாயம். அளவு தெரியாமல் மட்டும் அவள் தண்ணீர் ஊற்றவில்லை. தெரிந்திருந்தாலும் பெட்டி தீர்ந்துவிடுமே என்ற பயத்தில் கை சுருங்கத்தான் செய்திருக்கும். விலையைக் குறைக்க என்னால் முடியாது. டாக்டரைக் கேட்டு விலை கம்மியான கம்பெனிக்கு மாற்றினோம். அப்படியும் இடித்தது. பதில் இல்லாமல் ஒரு ஆளைத் திருப்பி அனுப்புகிற பழக்கம் என் கடையில் கிடையாது. "அடுத்த வெள்ளிக்கிழம வரேன், மத்த ரெண்டு வூட்டுக்காரங்களையும் இருக்கச் சொல்லு" என்று சொல்லி அனுப்பினேன். என்ன செய்யப்போகிறேன் என்று எனக்கே பாதிதான் தெரியும்.

சொன்ன வெள்ளிக்கிழமை நர்ஸம்மாவையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனேன். இந்தத் தடவை வாந்தி மாத்திரை போட்டுக்கொண்டேன். மற்ற இரண்டு தாய்மாரும் பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் சித்ரா என்கிறவள் வாய்க்காரி. மரவள்ளிக் காட்டு வேலைக்குத் திரும்பப் போக ஆரம்பித்ததிலிருந்து பிள்ளைக்கு டப்பா பால் கொடுக்கிறாள்.

"ஒனக்கு தாய்ப்பால் இருக்குதாம்மா?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் இருக்குது. எம் புள்ள கொழுகொழுன்னு இருக்கட்டும்னு டப்பா குடுக்கறேன். ஒனக்கு இன்னா பாய் நோவுது? விக்கறவன் நீதானே?"

"ஒனக்கு இனிமே விக்க மாட்டேன்."

"பக்கத்துக் கடையில வாங்கிக்குவேன்."

"அந்தக் கடைக்காரன் எங்கிட்ட வேல கத்துக்கினவன். நான் சொன்னா குடுக்க மாட்டான்."

"சின்னசேலத்துல வாங்குவேன்."

"அங்க கட வச்சிருக்கறது என் மச்சான்."

"அப்போ சேலத்துக்கே போறேன், போ! அங்கயும் ஒனக்கு மச்சான் இருக்கானா?"

கோவிந்தன் விழுந்து விழுந்து சிரித்தான். நர்ஸம்மா எங்கள் இருவரையும் அதட்டினார். "ஆம்பளைங்க ரெண்டு பேரும் அந்தப் பக்கம் போங்க" என்றார். போனோம். வெகுநேரம் கழித்துக் கூப்பிட்டார். சித்ராவுக்குப் பால் தாராளமாக இருக்கிறது. காட்டுக்குப் போவதற்கு முன்னால் பீய்ச்சி வைத்துவிட்டுப் போக வழி சொல்லிக் கொடுத்துவிட்டார். இன்னொருத்திக்குக் கொஞ்சம் கம்மி. பிள்ளையை அடிக்கடி மாரில் விட்டால் ஊறும், வாராவாரம் வந்து பார்க்கிறேன், அதுவரை அவளுக்குச் சின்னப் பெட்டி தனியாக வேண்டும் என்றார்.

ஆக, மூன்று வீட்டில் கடைசி வரை பவுடர் வேண்டியிருந்தது ஒரே பிள்ளைக்குத்தான். வேண்டாத வீடுகளும் வாங்கிக்கொண்டிருந்தன, வேண்டிய பிள்ளை தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது.

"அப்போ கூறு?" என்றான் கோவிந்தன். அவன் யோசனை அல்லவா, அவனுக்குத்தான் வலித்தது.

நான் வாயை மூடிக்கொண்டேன். வாய் திறக்காமல் இருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று என்னோடு வேலை பார்த்தவர்களைக் கேளுங்கள். ஆனால் அந்த இடத்தில் வெளியூர்க்காரன் ஒரு வார்த்தை சொன்னால் கெட்டுவிடும்.

சித்ராதான் பேசினாள். "கூறுல சேந்துட்டு நடுவுல கழட்டிக்கற வழக்கம் நம்ம ஊர்ல எப்ப வந்துது? எங் கூறு நான் குடுப்பேன். அவங்க அம்மா வந்து சேர்ற வரைக்கும். பெட்டி அந்தப் புள்ளைக்கே போவட்டும்."

"எனக்கு யாரும் சும்மா ஒண்ணும் குடுக்க வாணாம்" என்றாள் பூங்கொடி.

"ஒனக்கு யாருடி குடுத்தா? புள்ளைக்கிக் குடுக்கறேன். வேணும்னா நீ ஒரு வாய் குடிச்சிப் பாரு, நல்லாவா கீது?"

இன்னொருத்தியும் தனக்குப் பால் ஊறியதும் தன் கூறைக் கொடுப்பதாகச் சொன்னாள், சொன்னபடி கொடுத்தாள். அன்றிலிருந்து பெட்டியைப் பிரிக்கவில்லை, விலையை மட்டும் பிரித்துக்கொண்டார்கள். சீல் உடையாத பெட்டியாகத்தான் கோவிந்தன் கையில் கொடுப்பேன். அதை உடைக்கிற உரிமை பூங்கொடிக்கு மட்டும். கரண்டி அவள் வீட்டை விட்டு வெளியே போகாது. என் கடைக்கு அந்த ஊரில் மூன்று வாடிக்கை இருந்தது, ஒன்றாயிற்று. நானே மலையேறிப் போய்க் கெடுத்துக்கொண்ட வியாபாரம் அது. என் தொழிலில் அதைவிடப் பெரிய லாபம் நான் பார்த்ததில்லை.

நீங்கள் செய்ய வேண்டியது அதிகமில்லை. பால் பவுடரைப் பிரித்து விற்காதீர்கள், பிரிக்கக் கவர் கொடுக்காதீர்கள். வாரம் ஒன்று வாங்கிய வீடு திடீரென்று வராமல் போனால், அந்த வீட்டுக்குச் சிக்கனம் வந்துவிட்டது என்று விட்டுவிடாதீர்கள், கேளுங்கள். எந்தக் கரண்டி, எவ்வளவு தண்ணீர் என்று கலக்குகிறவர் வாயாலேயே சொல்ல வையுங்கள். பணம் இடிக்கிறது என்று சொன்னால் விலையைக் குறைக்க வழி தேடுங்கள், கூட்டுச் சேர ஆள் தேடுங்கள். அளவைக் குறைக்க மட்டும் யாரையும் விடாதீர்கள். கோபித்துக்கொள்வார்கள், கோபிக்கட்டும். என்னைத் திட்டாத ஆளே இந்தக் கள்ளக்குறிச்சியில் இல்லை, நான் நன்றாகத்தான் இருக்கிறேன்.

பிள்ளைக்கு ஆறு மாதம் தாண்டி, நர்ஸம்மா சொன்னபடி சாமைக் கஞ்சியும் கொடுக்க ஆரம்பித்த பிறகு, அதன் தாய் புதுச்சேரியிலிருந்து வந்து இறங்கினாள். புருஷன் கையைப் பிடித்துக்கொண்டு பஸ் நிலையத்திலிருந்து நேராக எங்கள் கடைக்கு வந்தாள். கோவிந்தன் ஜீப்புக்கு மலைக்காரர்கள் அங்கேதான் காத்திருப்பார்கள். பூங்கொடி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு காலையிலேயே வந்து நின்றிருந்தாள். பிள்ளையை நீட்டினாள்.

வாங்கிய வேகத்தில் அந்தப் பெண்ணுக்குக் கை தாழ்ந்துவிட்டது. புருஷன் முட்டுக் கொடுத்தான்.

"இன்னா அண்ணி, இவ்ளோ கனம்!"

"மூணு வூட்டுக் கூறு" என்றாள் பூங்கொடி. "கனக்காம இன்னா பண்ணுவான்?"

அந்தப் பெண் பிள்ளையோடு எங்கள் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள். ஜீப் வந்து, கோவிந்தன் இரண்டு தடவை ஹார்ன் அடித்தும் பிள்ளையை யார் கையிலும் கொடுக்கவில்லை.